கேட்டபின் படமெடுப்போம்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியம் 2015-ஆம் ஆண்டு பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: படமெடுப்பதை விடுத்து, பென்சிலால் வரைந்து பாருங்கள். வரையும்போது கண் நிதானமாகக் காண்கிறது என்பதே அதன் கருத்து.

பயணத்தின்போது அங்குச் சென்ற நாங்கள், ரெம்பிராண்டின் ஓவியமொன்றின் முன் அமர்ந்து வரைந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். தம்மை மறந்திருந்த அம்முகத்தைக் கேளாமலே கைப்பேசியில் படமெடுத்தோம். ஒலி கேட்டு நிமிர்ந்தவர், வரைவேட்டை மூடிவிட்டார். மன்னிப்புக் கேட்டுப் படத்தை அழித்தோம். அவர் மீண்டும் வரையவில்லை.

பொது இடந்தானே எனலாம். இடம் பொதுவாயினும் முகம் அவருடையது. அன்று நாங்கள் செய்த பிழை மருத்துவமனையிலும் நிகழ்கிறது. படுக்கையில் அயர்ந்து உறங்குபவரை அன்பின் மிகுதியால் படமெடுத்து, உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். மறுக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை. சிகிச்சைப் பதிவுக்காகப் புண்ணைப் படமெடுக்கும் மருத்துவர்களாகிய நாங்களும் முதலில் இசைவு பெறக் கடமைப்பட்டவர்களே.

எனவே, விழித்தபின் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் கைப்பேசியை வைத்துவிட்டு, வரைபவரைப் போலச் சற்று நேரம் அருகிலமர்ந்து அவரைப் பாருங்கள். முகவாட்டமும் மூச்சின் மாற்றமும் அப்போது உங்கள் கண்ணில் படும். அவற்றை எங்களிடம் சொல்லுங்கள்.