நிதிநிலை அறிக்கையில் குளவிக்கு இடம் எங்கே?

தருமபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றே சொல்வார்கள். ஏறக்குறைய பத்து மாதப் பயிர். குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் இந்தக் கிழங்கில் எத்தனை 'பாயிண்ட்' மாவுச்சத்து இருக்கிறது என்று அளந்தே விலை வைக்கிறார்கள். ஆகவே, செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி விவசாயியிடம் இருமுறை வரி வசூலிக்கிறது. கிழங்கின் எடையும் குறைகிறது, பாயிண்டும் குறைகிறது.

அப்படியொரு பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி அது. செதில் பூச்சிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. பெண்ணே தனித்து இனம் பெருக்கும். நடவுக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் கரணைகளோடு அதுவும் பயணம் செய்யும். விரைவிலேயே தமிழக மரவள்ளி மாவட்டங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. உடல் மீதுள்ள மெழுகுப்பூச்சு மருந்துத் தெளிப்பிலிருந்து அதைப் பெருமளவு காத்துவிடுகிறது.

மாவுப்பூச்சி நமக்குப் புதிதல்ல. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி, தேக்கு எனப் பரவியது. பட்டுக்கூடு அங்காடியை நம்பி வாழும் தருமபுரிக்கு மல்பெரி மீதான தாக்குதல் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. இலையில் நஞ்சைத் தெளித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழுவும் மடியும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசெரோபேகஸ் பப்பாயே' என்ற ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டது. எள்ளைவிடச் சிறிய உயிர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளிருந்து தின்று வளரும் புழு பூச்சியை வெறும் கூடாக்கிவிடும். இத்திட்டத்தால் ஐந்தாண்டுகளில் இந்தியாவுக்குக் கிடைக்கக்கூடிய பயன் குறைந்தது 50 கோடி டாலர் என ஆய்வொன்று மதிப்பிட்டது. செலவோ அதில் மிகச் சிறு பகுதி. எந்த நீர்ப்பாசனத் திட்டம் இத்தகைய ஆதாயம் தந்திருக்கிறது?

ஆயினும் அந்தக் குளவி மரவள்ளி மாவுப்பூச்சிக்கு உதவாது. வெள்ளைப் பஞ்சுபோல் ஒரே வயலில் இரண்டும் இருக்கலாம். நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, குளவிக்குத் தெரியும். புதிய பூச்சிக்கு உரிய எதிரி 'அனகைரஸ் லோபெசி'. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்த இதே பூச்சிக்கு மாற்றுத் தேடியபோது, 1981-இல் பராகுவேயில் கிடைத்த குளவி அது. அத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-இல் அதனை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. பாராட்டத்தக்க பணி.

என் கவலை வேறு. வகுப்பறையில் பொதுப்பண்டம் என்பதற்குக் கலங்கரை விளக்கத்தையே உதாரணம் சொல்லிப் பழகிவிட்டோம். கடலையே காணாத தருமபுரி மாணவனுக்குக் குளவிதான் பொருத்தமான உதாரணம். என் தோட்டத்தில் விட்ட குளவி பக்கத்துத் தோட்டத்துக்கும் பறக்கும்; அவரிடம் கட்டணம் கேட்க முடியாது. தானே பெருகிக்கொள்ளும் சரக்கை ஆண்டுதோறும் விற்கவும் முடியாது. எனவே எந்த நிறுவனமும் இதில் முதலிடாது. பூச்சிக்கொல்லிக்கு ஊர்தோறும் கடை உண்டு, கடன் உண்டு, விளம்பரம் உண்டு. குளவிக்கு அரசைத் தவிர ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடுமையான மருந்தை அடித்தால் என் குளவியும் சாகும். அந்த இழப்பு எந்தப் பயிர்க் காப்பீட்டுக் கணக்கிலும் ஏறாது.

அரசும் நெருக்கடி வந்த பிறகுதான் விழிக்கிறது. எது எந்தப் பூச்சி, அதன் எதிரி எது என்று பெயர் சொல்லக்கூடிய வகைப்பாட்டியல் அறிஞர்கள் அருகி வருகிறார்கள். பருத்தி மாவுப்பூச்சியை அடக்க யாரும் வரவழைக்காமலே ஒரு குளவி இங்கு வந்து சேர்ந்திருந்தது. அலிகாரைச் சேர்ந்த முகமது ஹயாத் 2009-இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அத்துறையில் அத்தகைய பணியிடங்களை நிரப்பாமல் வைப்பதைச் சிக்கனம் என்று கணக்கெழுதுவது பொருளியல் ஆகாது.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதற்குச் சிறு தொகையும் இரண்டு களப்பணியாளர்களும் கூடுதலாகக் கொடுத்தால், எந்தக் குளவி எந்த ஒன்றியத்தில், எந்தச் செடியில், எந்தப் பூச்சியின் மீது நிலைத்திருக்கிறது என்று ஆண்டுதோறும் பதிவு செய்ய முடியும். குளவி இன்னும் எட்டாத ஊர்களுக்கு அதைக் கொண்டுபோகலாம். நிலைத்த ஊர்களில் தெளிப்பை நிறுத்தச் சொல்லலாம். அந்த விவரம், அடுத்த நடவுக்குக் கரணை வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.