நனைந்த கம்பளியும் ஒன்டாரியோ ஏரியும்

மே மாதம் பிறந்து வெயில் ஏறியதும் டொரோண்டோவில் கயாக்குகள் ஒன்டாரியோ ஏரியில் இறங்கத் தொடங்கிவிடும். புதிதாகத் துடுப்பு பிடிப்பவருக்கு அப்போது தவறாமல் கிடைக்கும் அறிவுரை: "நல்ல கம்பளிச் சட்டை ஒன்று போட்டுக்கொள். கம்பளி நனைந்தாலும் சூடு தரும்." தூறலில் மலையேறுபவருக்கு இது சரி. ஏரிக்குள் கவிழ்ந்தவருக்குச் சரியல்ல.

கம்பளியின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சிய பிறகும் அந்த இழை கைக்கு ஈரமாகத் தெரியாது. உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். சுருண்ட இழை என்பதால் நனைந்த பருத்தியைப் போல உடம்பில் அப்பிக்கொள்வதில்லை. ஆனால் நம்மைக் காப்பது கம்பளி அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. நீரில் மூழ்கியதும் அந்தக் காற்று குமிழ் விட்டு வெளியேற, தண்ணீர் அங்கே குடிபுகுந்துவிடுகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதுவும் நின்ற தண்ணீர் அல்ல. படகைப் பிடிக்கக் கையைக் காலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் குளிர்நீர் உள்ளே பாயும். ஃப்ளீஸுக்கும் இதே கதிதான். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, கரையில் சீக்கிரம் காயும். நீருக்குள் இருக்கும்வரை அதுவும் வெறும் துணி. கம்பளியா ஃப்ளீஸா என்று கடையில் நின்று வாதாடுவதற்கு முன் கேட்க வேண்டியது, விழுந்த பிறகும் இந்த உடைக்குள் காற்று மிஞ்சுமா என்பதைத்தான்.

"வெட்சூட்டுக்குள்ளும்தான் தண்ணீர் போகிறது. உடம்பு அதைச் சூடாக்கி வைத்துக்கொள்ளவில்லையா?" என்பார்கள். இந்த விளக்கம் தலைகீழானது. 1950களின் தொடக்கத்தில் நியோப்ரீன் ரப்பர் வெட்சூட்டை உருவாக்கிய கலிபோர்னிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அப்போதே கண்டுகொண்ட சங்கதி இது: ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்களே காப்பு. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் கெடுதல் இல்லை, அவ்வளவே. அந்தத் தண்ணீரால் நன்மை எதுவும் கிடையாது. குமிழ்கள் நனைந்தாலும் இடம்விட்டுப் போவதில்லை. தொளதொளவென்று போட்டால் மட்டும் நீர் ஓடத் தொடங்கி எல்லாம் வீண். கயாக்காரர்கள் விரும்பும் கையில்லாத 3 மி.மீ. வெட்சூட் ஆகஸ்ட் ஏரிக்குப் போதும். மே மாத ஏரிக்கு அதை நான் நம்பமாட்டேன்.

டிரைசூட் பற்றிய நம்பிக்கைகள் இன்னும் வேடிக்கை. விலையைப் பார்த்தவர்கள் அது சூடு தரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய நீர்புகாத் துணி என்ன சூடு தரும்? அது தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. உள்ளே போட்ட உடையின் காற்றுதான் காக்கிறது. கம்பளியின் சரியான இடம் அங்கேதான். கிழிந்து தண்ணீர் நிரம்பினால் கல்லைப்போல் அடிக்கு இழுத்துவிடும் என்பதும் பொய்: தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. காப்பு போய்விடும், படகில் ஏறுவது பெரும்பாடாகும், அதற்குமேல் இல்லை.

"24 டிகிரி வெயிலில் டிரைசூட்டைப் போட்டால் வெந்துவிடுவேன்." புழுங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழுக்கத்துக்கு மருந்து கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தொப்பியை நனைத்துப் போட்டுக்கொள்ளலாம். குளிருக்கு அங்கே மருந்து கிடையாது. வெயில் காற்றைத்தான் சுடவைக்கிறது. இந்த ஏரியின் ஆழம் 244 மீட்டர்வரை போகிறது. 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரி நீரை எடுத்து 2004 முதல் நகர மையத்துக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள், கோடையிலும்தான். மேற்குக் காற்று விடாமல் வீசினால் மேலிருக்கும் வெதுவெதுப்பான நீர் வடகரையைவிட்டு விலக, அந்த ஆழத்துக் குளிர் மேலே வரும். ஜூலையில்கூட நேற்று நீந்திய இடத்தில் இன்று கால் வைக்க முடியாமல் போவது அதனால்தான்.

நீச்சல் வீரர்களுக்கும் ஒரு வார்த்தை. மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவருக்குச் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். விறைத்துச் சாகுமுன் பலர் மூழ்கியே சாகிறார்கள். முதல் நிமிடத்தின் தன்னிச்சையான மூச்சிழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் விடாது. வாய் நீருக்கடியில் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும். அதனால் மேலே சொன்ன எந்த உடையும் லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்றில்லை. கையுறையை மறப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் முழுதாகப் பெறுவதில்லை.

"எல்லாம் சரி, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. வாங்க முடியாதவர்கள் கம்பளியை நம்பி மேயில் இறங்காமல் ஆகஸ்ட்வரை பொறுக்கலாம். அப்போதும் கரையை ஒட்டியே போகலாம். வாங்கியவர்கள் முதல் நாள் ஒரு துணையோடு கழுத்தளவு நீரில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். விரல்கள் தடுமாறினால் உள்ளே இன்னொரு அடுக்கு வேண்டும்.