இரு நகரும் ஏழு நாளும்

ஐரோப்பாக் கண்டத்தைக் கண்டுவரப் புறப்படும் நம்மவர் பெரும்பாலும் இலண்டன், பாரிஸ், உரோமை என்னும் மூன்றையே நாடுகின்றனர். ஒரே வாரத்தில் ஐந்து தேசங்களைக் காட்டுவோம் என்று விளம்பரஞ் செய்யும் பிரயாண நிலையங்களும் உள. காலையில் ஒரு தேசம். மாலையில் வேறொரு தேசம். இடையே வண்டியில் உறக்கம். இதனைப் பிரயாணம் என்பதினும் கணக்குத் தீர்த்தல் என்பதே பொருந்தும். ஒரு வாரமே கைவசமுள்ளவர்க்கு இரண்டு நகரங்கள் போதும் என்பதும், அவை தம்முள் மாறுபட்டனவாய் இருத்தல் வேண்டும் என்பதும், அவற்றுள் சிறியதற்கே மிகுந்த நாட்களை ஒதுக்குதல் வேண்டும் என்பதும் எமது கருத்து.

எந்நகரங்கள் எனின், டென்மார்க்குத் தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகனும், ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையிலுள்ள ஹாலேயும் ஆம். தமிழ் பயில்வோர்க்கு இவை முற்றும் அயலூர்கள் அல்ல. சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் கல்வி பயின்றது ஹாலேயில்; 1705ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பியது கோபன்ஹேகன். 1706 ஜூலை 9ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடி சேர்ந்தனர் என்பது நம் கலாசாலையிற் பலரும் அறிந்ததே. ஆனால் அவ்விரு நகரங்களும் எத்தகையன என்று கேட்டால் நம்மிற் பலர் விடை கூற மாட்டோம்.

கோபன்ஹேகன் கடலும் அரசும் வணிகமும் கூடிச் சமைத்த நகரம். நான்காம் கிறிஸ்தியான் மன்னன் கட்டுவித்த பழைய வணிகச் சாவடி, தம் வால்களை ஒன்றோடொன்று முறுக்கி நிற்கும் நான்கு பறவைநாகங்களைக் கோபுரமாகக் கொண்டிருந்தது. 2024 ஏப்பிரல் 16ஆம் நாள் நேர்ந்த தீயில் அக்கோபுரம் சரிந்து வீழ்ந்தது. அம்மன்னனுக்கே தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த ஓலை இந்நகரின் அரசாங்க ஆவணக் களரியில் இருக்கின்றது. தமிழ் எழுத்தைப் பொன்னிற் பொறித்துக் கடல் கடந்து விடுத்த செய்தியை நினைக்குங்கால் உள்ளம் பூரிக்கின்றது. எனினும் அவ்வோலையின் பயனாகத் தரங்கம்பாடி டேனியர் கைக்குப் போயிற்று என்பதையும், 1845இல் அவர்கள் அதனை ஆங்கிலேயருக்கு விலைக்கு விற்றனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். கிறிஸ்தியான் துறையில், வெளிப்புறத்தே படிகள் சுற்றிச் சுற்றி ஏறும் கோபுரத்தையுடைய மீட்பர் ஆலயம் உண்டு. கால் வலிமையுள்ளோர் அதன்மேல் ஏறிக் கால்வாய்களையும் பண்டகசாலைகளையும் காணலாம். அப்படிகள் ஏறக்குறைய நானூறு! இவற்றிற்கெல்லாம் மூன்று இரவு தங்கினாற் போதும். அவ்வூரில் உணவும் உறையுளும் மிக்க விலையுடையன என்பதும் மாணாக்கர் மறக்கத்தக்கதன்று. நாணயமும் வேறு, டேனியர் 2000ஆம் ஆண்டில் வாக்கெடுத்து யூரோவை வேண்டாவென்று தள்ளித் தம் குரோனையே வைத்துக்கொண்டனர்.

நான்காம் நாள் ரயிலில் செல்லுதல் நன்று. முன்னாளில் ஹாம்பர்க்கு நகருக்குச் செல்லும் ரயில் வண்டியைக் கப்பலிலேயே ஏற்றிக் கடல் கடத்துவர். அவ்வழக்கம் 2019 டிசம்பரில் நின்றுபோயிற்று. இப்போது பெரும்பாலமொன்றின் வழியாக நிலத்தைச் சுற்றியே செல்லுகின்றது. ஹாம்பர்க்கில் வண்டி மாறி ஹாலே சேர ஒரு பகல் முழுவதும் கழியும். வானூர்தியில் நேரம் மிஞ்சுமே எனின், மிஞ்சலாம். ஆயின் கடற்கரைத் தேசம் சமவெளித் தேசமாக மாறுவதைக் கண்ணாற் காண இயலாது.

நாட்களைப் பகுத்துக்கொள்ளுதல் வெறும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அதிற் சட்டமும் உண்டு. இரு தேசங்களுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதுமானது. எத்தேசத்தில் மிகுந்த நாள் தங்குகின்றோமோ அத்தேசத்தாரிடமே அதற்கு விண்ணப்பித்தல் வேண்டும். நாட்கள் சமமாயின் முதலிற் புகும் தேசத்தாரிடம். ஆகவே கோபன்ஹேகனில் மூன்றிரவு, ஹாலேயில் நான்கிரவு என்று துணிந்தவர் ஜெர்மானியரையே அணுகுதல் வேண்டும்.

இனி, அச்சிற்றூருக்கு நான்கிரவு எதற்கு என்று வினவுவோர்க்கு விடை கூறுவோம். ஹாலே உப்பு விளைத்துச் செல்வம் பெற்ற பழைய ஊர். இசைப் புலவர் ஹாண்டெல் 1685இல் பிறந்த ஊரும் அதுவே. ஆயினும் நாம் செல்வது அகஸ்து ஹெர்மன் பிராங்கே என்னும் குருவானவர் அமைத்த அநாதைச் சாலையைக் காண்பதற்காக. ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தலிலே தொடங்கிய அவர், 1698இல் அச்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர்ப் பள்ளிகளும் அச்சுக்கூடமும் மருந்துச்சாலையும் நூல்நிலையமும் அதனைச் சூழ எழுந்தன. மன்னன் மாளிகையைக் கண்டு வந்த கண்ணுக்கு, மரச்சட்டங்களாலாகிய ஆறு அடுக்கு நீண்ட இல்லம் வேறோர் உலகமாகவே தோன்றும். 1990 வரை நீடித்த கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் இக்கட்டடங்கள் பாழடைந்தன. முகப்பையொட்டி உயர்மட்டச் சாலையொன்றையும் எழுப்பிவிட்டனர். அதன் இரைச்சல் இன்றும் உண்டு. கட்டடங்களோ பின்னர்ப் பழுது தீர்க்கப்பெற்று மீண்டும் பள்ளிகளாய் விளங்குகின்றன.

அநாதைச் சாலையின் மேன்மாடத்தில் அரும்பொருட் கூடம் ஒன்றுண்டு. கூரையினின்று ஒரு முதலை தொங்குகின்றது. சித்திரந் தீட்டிய பேழைகளில் தென்னிந்தியப் பொருள்களும் இருக்கின்றன. இவற்றினும் சிறந்தது ஆவணக் களரி. தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடிக் கடிதங்களும் அங்கே காக்கப்படுகின்றன. தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் முதல் தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பெற்றது ஹாலேயிலேதான். சீகன்பால்கு இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716இல் அச்சேறியதும் அங்கேதான். தமிழர் பலர் தம் சமயத்தையும் வழக்கங்களையும் குறித்து மிஷனெரிகளுக்கு எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடப்பெற்றதும் அவ்வூரிலேயே. கேள்விக்கு மறுகேள்வி விடுத்த அத்தமிழர் குரல்களைக் கேட்க ஒரு பிற்பகல் போதுமோ?

இவ்வாறு கூறுவதால், ஹாலேயைப் புண்ணியத் தலமாகக் கொண்டு கைகூப்பி நிற்கச் சொல்லுகின்றோம் என்று எவரும் கருதற்க. சீகன்பால்கு தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்று பிராங்கே எண்ணினார். நூல் அச்சேறவில்லை. 1867இலே சென்னையில்தான் அது வெளிவந்தது. அதற்குள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் கடந்துவிட்டன. தமிழ் எழுத்தை வார்த்துக் கொடுத்த ஊரே தமிழரைப் பற்றிய நூலை முடக்கியும் வைத்தது. கிறிஸ்தவராகிய நாம் இதனை மறைத்துப் பேசுவது முறையன்று. இவ்விரண்டையும் ஒரே முற்றத்தில் நின்று எண்ணிப் பார்த்தற்கே நான்கிரவு கேட்கின்றோம்.

ஆவணக் களரிகள் ஞாயிற்றுக்கிழமை திறவா. காட்சிச்சாலைகள் பல திங்கட்கிழமையில் மூடியிருக்கும். ஆதலின் சனிக்கிழமை கோபன்ஹேகன் சேர்ந்து, செவ்வாயன்று ரயிலேறி, புதன், வியாழன், வெள்ளி மூன்று பகலையும் ஹாலேயிற் செலவிட்டு, மறுநாள் பெர்லின் வழியாகத் திரும்புதல் தக்கது. பொன்னேடும் சுவடிகளும் சென்றவுடன் எடுத்துக் காட்டப்படும் பொருள்களல்ல. எதனைக் காண வேண்டும், எதற்காகக் காண வேண்டும் என்று தெளிவாகக் குறித்து, பிரயாணச் சீட்டு வாங்குவதற்குப் பல வாரம் முன்னரே இரு களரிகளுக்கும் கடிதம் எழுதி, விடை வந்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும்.