சான்டானா: ஒருமையா, பன்மையா?

சான்டானா என்றதும் கண்மூடி கிதார் மீட்டும் ஒரு மனிதரையே நாம் காண்கிறோம். லத்தீன் ராக் குறித்து எழுதுவோரும் அந்த ஒற்றைப் பிம்பத்துக்கே ஆராதனை நடத்திவருகின்றனர். 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஒரு குழுவின் வரலாறு இவ்வாறு ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இது பிழையான வாசிப்பு என்பதே நம் தரப்பு.

1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையேறியபோது அக்குழுவின் முதல் இசைத்தட்டு கடைகளுக்கு வந்திருக்கவில்லை. அந்தப் பெருங்கூட்டத்தை எழுப்பியது எது? 'சோல் சாக்ரிஃபைஸ்' பதிவைப் பாருங்கள். மைக்கேல் கரபெல்லோவின் கொங்கா, நிகராகுவாவில் பிறந்த சேப்பிட்டோ அரேயாஸின் டிம்பாலே, 20 வயதே ஆன மைக்கேல் ஷ்ரீவின் டிரம்ஸ். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் புகுந்து பின்னும் அந்தத் தாளத்தின்மீதுதான் கிதார் நிற்கிறது.

1970இல் வெளியான 'அப்ராக்ஸாஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தலைப்பு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'டெமியான்' நாவலிலிருந்து வந்தது என்பதில் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு பூரிப்பு. ஆனால் அதன் புகழ்பெற்ற இரு பாடல்களும் பிறருடையவை என்பதை நாம் சொல்வதில்லை. 'பிளாக் மேஜிக் உமன்' ஆங்கிலேயரான பீட்டர் கிரீனுடையது. 'ஓயே கோமோ வா' நியூயார்க்கின் டிட்டோ புவெண்டேயுடையது. இரண்டையும் பாடியவர் ஆர்கன் வாசித்த கிரெக் ரோலி. இரவல் பாட்டு என்று இகழ இதைக் கூறவில்லை. புளூஸையும் கியூபத் தாளத்தையும் ஒரே மூச்சில் பேசவைத்தது அக்குழுவின் கூட்டுழைப்பு என்கிறோம்.

'1999இன் சூப்பர்நேச்சுரல் 9 கிராமி விருதுகளைக் குவித்ததே, அது தனிமனித வெற்றியல்லவா?' என்று கேட்கலாம். அத்தொகுப்பிலிருந்து 12 வாரங்கள் முதலிடத்தில் நின்ற 'ஸ்மூத்' பாடலை எழுதியவர்கள் இட்டால் ஷுரும் ராப் தாமஸும், பாடியவரும் தாமஸே. அங்கும் பன்மைதான்.

கார்லோஸின் கிதாரை ஒரே சுரத்தில் அடையாளம் காணலாம் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அந்தக் குரலின்றி இக்குழு இல்லை. ஆனால் ஒரு குரலைப் போற்றுவதற்காக ஐந்து குரல்களை அழிப்பது ரசனையாகாது. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் 1998இல் இக்குழுவைச் சேர்த்துக்கொண்டபோது ஆறு பேரின் பெயரைப் பொறித்தது. விருது நிறுவனம் ஒன்றுக்கே தெரிந்த இந்த எண்ணிக்கை விமர்சகர்களுக்குத் தெரியாமற்போனது ஏன்?

அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பாடல்கள் பழசாகவில்லை. அடுத்த முறை கேட்கையில் கிதாரைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கொங்காவைப் பின்தொடருங்கள். நாம் எத்தனை பேரை மறந்திருக்கிறோம் என்பது அப்போது கேட்கும்.