‘நெகட்டிவ்’ என்றாலும் ஒளிந்திருக்கலாம்!

டயாலிசிஸ் தொடங்கும்முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்ததும் குடும்பமே நிம்மதி அடையும். ஆனால், வழக்கமான பரிசோதனை தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தைத்தான். சிலருக்கு அது ரத்தத்தில் தென்படாது. வைரஸின் மரபணு மட்டும் கல்லீரலில் பதுங்கியிருக்கும். இதுதான் மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி.

டயாலிசிஸில் ரத்தம் உடலுக்கு வெளியே போய்த் திரும்புகிறது. காய்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள்கள் தாக்குப்பிடிக்கும். அதனால், ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, ஒவ்வொரு முறையும் மெஷினைத் துடைப்பது என்பதில் ‘நெகட்டிவ்’ நோயாளிக்கும் விலக்கு கிடையாது.

‘ஆன்டி ஹெச்பிசி’ பரிசோதனை, பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும். அது பாசிட்டிவ் என்றால், வைரஸின் டிஎன்ஏ பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அதன்பின் சாப்பிடும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள், தூங்கும் வைரஸைத் தட்டி எழுப்பிவிடலாம்.

தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டால் பலன் அதிகம். தொடங்கியபின் என்றால் பொதுவாக இரு மடங்கு டோஸ் தேவைப்படும். கடைசி ஊசி போட்ட 1-2 மாதங்களில், பாதுகாப்பு வந்துவிட்டதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.