ஜெம் தளத்தில் லாகின் ரெடி... ஆபீஸ் ரெடியா?

மத்திய அரசு அலுவலகம் ஒன்று ‘ஜெம்’ தளத்தில் 50 நாற்காலிகளுக்கு ஆர்டர் போடுகிறது. கோவையில் உள்ள ஒரு சிறு தொழிற்கூடம் அவற்றைத் தயாரித்து, சொன்ன தேதியில் இறக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே ஆன்லைன்தான். அப்புறம் ஏன் பணம் மட்டும் வரவில்லை?

ஜெம் என்றால் என்ன?

அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பொருட்களையும் சேவைகளையும் வாங்குவதற்கான மின்சந்தை இது. 2016 ஆகஸ்டில் தொடங்கியது. இந்தத் தளத்தில் கிடைப்பவற்றை இங்கேதான் வாங்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள் மத்திய அமைச்சகங்களுக்குக் கட்டாயமாக்கின.

எங்கே மாட்டுகிறது?

ஆர்டர் போடுபவர், பொருளைப் பெற்றுக்கொள்பவர், பணம் தருபவர் என மூன்று வேலைக்கும் தனித்தனி லாகின் உண்டு. முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால், பொருளைப் பெற்றுக்கொள்பவர் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போய், புதியவருக்கு லாகின் தராவிட்டால்? பொருள் வந்த 10 நாட்களுக்குள் அவர் ஏற்புச் சான்று தர வேண்டும். அதிலிருந்து 10 நாட்களுக்குள் பணம் போக வேண்டும். சான்று தாமதமானால், பணமும் தாமதமாகலாம்.

அடுத்த சிக்கல், என்ன வேண்டும் என்று எழுதுவதில். ‘நல்ல நாற்காலி’ என்பது கம்ப்யூட்டருக்குப் புரியாது. அளவு, மெட்டீரியல், வாரன்ட்டி எல்லாம் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் விலை குறைந்த சொத்தைப் பொருள் வந்து சேரும். ஒரே பிராண்டின் விவரத்தைக் காப்பியடித்தால் போட்டியே இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறு உற்பத்தியாளருக்கு 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் துணை நிற்கிறது. பொருள் வந்து 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்குமேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி. ஆனால், அடுத்த ஆர்டரும் வேண்டுமே என்று யோசிப்பவர் வட்டி கேட்டு வழக்குப் போடத் தயங்கத்தானே செய்வார்?

ரெடியா என்று எப்படித் தெரியும்?

மூன்று கேள்வி போதும். ஒருவர் மாறினால் அன்றே அடுத்தவருக்கு லாகின் கிடைக்கிறதா? விவரக்குறிப்பு எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா? ஆன்லைனில் ஒப்புதல் தந்த பிறகும் அதே ஃபைல் பேப்பரில் மேசை மேசையாகச் சுற்றுகிறதா?

முதல் இரண்டுக்கு ‘ஆமாம்’, கடைசிக்கு ‘இல்லை’ என்றால் அந்த ஆபீஸ் ரெடி. இல்லாவிட்டால், தாமதத்தின் செலவை ஏற்பது அரசு அல்ல. கடன் வாங்கிச் சம்பளம் போடும் அந்தத் தொழிற்கூடம்தான்.