வேலிப் பொட்டும் ஏட்டுப் பெட்டியும்

சென்ற மாரியில் ஒரு மாலைப்பொழுது, அயல் வீட்டு அன்பர் ஒருவர் கையிலே ஒரு கரிய பெட்டியுடன் எம்மிடம் வந்தார். வெளிநாட்டிலுள்ள மகன் வாங்கி அனுப்பிய வலையமைப்புச் சேமிப்பகம் அது. 'நாஸ்' என்று மாணவர் கூறுவர். பேரப்பிள்ளைகளின் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், தந்தையார் ஏட்டில் எழுதிவைத்த வைத்தியக் குறிப்புகளின் படங்கள் யாவும் அதனுள் இருந்தன. ஏடுகளோ இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன.

இடி மின்னலில் வீட்டு ரவுட்டர் பழுதாகிவிட, பெட்டிக்குச் செல்லும் வழி அடைபட்டது. "யூஎஸ்பி வயரால் கணினியோடை தொடுத்துப் பார்த்தன் மாஸ்டர், ஒன்றும் தெரியேல்லை. உள்ளுக்கிருக்கிற தட்டைக் கழற்றிப் பூட்டச் சொல்லி ஒரு பெடியன் சொல்லுறான். பூட்டட்டோ?" என்றார்.

"தட்டிலை கை வையாதேங்கோ" என்று தடுத்தோம்.

தடுத்தமைக்குக் காரணம் உண்டு. அப்பெட்டி வெறுந்தட்டன்று; தனக்கெனச் சிறு கணினியொன்றை உடையது. அதன் தட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதப்பட்டவை. விண்டோஸ் அம்முறையைத் தானாக அறியாது. அறியாத தட்டைக் கண்டதும், 'போர்மற் செய்யவோ?' என வினவும். 'ஆம்' என்று அழுத்திவிட்டால், உள்ளே இருப்பவற்றை மீட்பது பெரும்பாடு. பெட்டியின் யூஎஸ்பி வாயும் பெரும்பாலும் வேறு தட்டுகளை அது தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கே அமைந்தது; கணினியோடு பேசுவதற்கன்று.

பின் வழி யாது? நம் ஊர் வேலிகளில் முன்னாளில் 'பொட்டு' இருந்ததை முதியோர் அறிவர். படலை திறந்து ஒழுங்கை சுற்றாமல், அயலார் அதன் வழியே வந்து போவர். ரவுட்டர் ஒழுங்கை; பெட்டியையும் கணினியையும் நேரே பிணைக்கும் ஈதர்நெற் வடம் வேலிப் பொட்டு. இக்காலக் கருவிகளுக்குச் சாதாரண வடமே போதும்.

ஆயினும் ஒன்று கவனிக்கற்பாலது. ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குவது ரவுட்டரின் வேலை. அஃதில்லாதவிடத்து, தானாக முகவரி பெறுமாறு அமைந்த கருவிகள் சற்றுக் காத்திருந்து, 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே சூடிக்கொள்ளும். பெட்டிக்கு 192.168.1.10 போன்ற நிலையான முகவரி முன்னரே இடப்பட்டிருப்பின், கணினிக்கு 192.168.1.20 போன்றதொன்றை நாமே இடவேண்டும்; உபவலை மறைப்பு இரண்டிற்கும் 255.255.255.0 ஆகும். முன்னைய மூன்று எண்களும் ஒத்திருத்தல் வேண்டும். இறுதி எண் வேறுபடல் வேண்டும். பின்னர் கோப்புச் சாளரத்தின் முகவரிப் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, பெட்டியின் முகவரியை எழுதினால் கதவு திறக்கும்.

அன்பரின் பெட்டி அவ்வாறே திறந்தது. கிகாபிற் வடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 100 மெகாபைற் செல்லும்; 500 கிகாபைற் செல்வதற்கு ஒன்றரை மணி நேரமளவிற் போதும். சிறு கோப்புகள் மலிந்திருப்பின் இன்னுஞ் சற்று நேரமாகும். தந்தையாரின் ஏட்டுப் படம் திரையில் தோன்றியபோது அன்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவரிடம் நாம் கேட்டோம்: "இதன் மறுபிரதி எங்கை?" மறுமொழி இல்லை.

"பெட்டிக்குள் இரண்டு தட்டு உண்டு; இரண்டிலும் ஒன்றே எழுதப்படுகிறது" என்று ஆறுதல் கொள்வோர் பலர். ஒரு தட்டுப் பழுதானால் மற்றது உதவும், மெய்யே. பெட்டி முழுவதையும் இடி தாக்கினால், அன்றிக் கள்வன் கொண்டுபோனால்?

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டில் மட்டும் இருந்தது ஆயிரம் கைகளுக்குப் பரவிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்த நூலை மீண்டும் தேடிப் பெறலாம். ஒற்றைப் பிரதியாயிருந்த சுவடியை எங்கே பெறுவது? 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து வைத்துவருவதன் அருமை இதனால் விளங்கும்.

அன்றிரவே அன்பர் யாவற்றையும் வேறொரு வெளித்தட்டிற் படியெடுத்தார். அத்தட்டு இப்பொழுது வவுனியாவில், மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

மாணவர்களே, இன்று ஞாயிறு. உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ளவற்றுக்கு மறுபிரதி எங்கே என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் விடை கூறத் தயங்கினால், வடத்தை எடுங்கள்.